பெட்டி மட்டும்தான்

கெண்டைக்கால் இரண்டும் சுருட்டி இழுக்க, அந்த வலியில்தான் விழிப்பு வந்தது. நிமிர்ந்து உட்கார இடமில்லாத லாரிப் படுக்கையில் காலை நீட்டி மடக்கி, கையால் பிசைந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. சர்க்கரை ஏறினால் முதலில் என் காலுக்குத்தான் தெரியும். விரலைக் குத்திப் பார்க்கிற மெஷினுக்கு அப்புறம்தான் தெரியும். குத்திப் பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு.

நிலக்கரி ஏற்றிக்கொண்டு சிமென்ட் ஆலையின் பின்வாசலுக்கு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. கரி இறக்குகிற இயந்திரம் இரண்டில் ஒன்று படுத்துவிட்டதாம். எனக்கு முன்னால் இன்னும் இருபத்தாறு வண்டி. மணிக்கு ஒரு வண்டி உள்ளே போனால் அது நல்ல நாள். வரிசையை விட்டு வெளியே போனவன் திரும்பி வந்து வாலில்தான் நிற்க வேண்டும். அதனால் யாரும் எங்கேயும் போவதில்லை. அவனவன் கேபினில் அவனவன் உட்கார்ந்திருப்பான், கரித்தூள் படிந்த கண்ணாடிக்குப் பின்னால், போட்டோவில் இருக்கிற ஆள் மாதிரி.

ஐஸ் குடுவையைத் திறந்தேன். உள்ளே வெறும் தண்ணீர். பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஐந்து இன்சுலின் பேனாக்கள் அதில் மிதந்தன. விரலை விட்டேன், தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. ஐஸ் விற்கிறவன் முந்தாநாளே வருவதை நிறுத்திவிட்டான். ராத்திரிக் குளிரில் மருந்து தப்பித்திருக்கும். இன்னொரு பகல் இந்தத் தகரக் கேபினில் தாங்காது. வெந்துபோன இன்சுலின் பார்க்க அப்படியேதான் இருக்கும், ஆனால் வேலை செய்யாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்னைத்தான் சொல்கிறார் என்று அப்போது சிரித்தேன்.

வேறு வழி ஒன்று கேபினிலேயே இருந்தது. சீட்டுக்குப் பின்னால் ஒரு குளிர்பெட்டி. அதன் மேல், செய்தித்தாளில் சுற்றிய உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாட்யூல், மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கிற பலகை. இரண்டையும் என் தங்கச்சி அனுப்பி நாலு மாதம் ஆகிறது. நாலு மாதமாக அதை மாட்டாமல், ஐஸ் வாங்கி ஐஸ் வாங்கிக் காலத்தை ஓட்டினேன்.

ஏன் என்று சொன்னால்தான் விளங்கும்.

லாரியில் ஓடுவது இருபத்துநாலு வோல்ட். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டைக் கோத்து வைத்திருப்பார்கள். ஆனால் மலிவாகக் கிடைக்கிற குளிர்பெட்டி, ஃபேன், பாட்டுப்பெட்டி எல்லாம் கார்க்காரனுக்காகச் செய்தது. அதற்குப் பன்னிரண்டு போதும். அதற்கு டிரைவர்கள் எல்லோரும் ஒரே வேலைதான் செய்வோம்: இரண்டு பேட்டரியில் ஒன்றில் மட்டும் ஒயரைக் கட்டிப் பன்னிரண்டை உருவிக்கொள்வோம். கட்டின பேட்டரி காய்ந்து சாகும். மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஏறிச் சாகும். அப்படி நான் இரண்டு வருஷத்தில் மூன்று பேட்டரியை முடித்தேன்.

தங்கச்சி ஒருநாள் பேட்டரி மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேர் தூக்குற மூட்டையை ஒருத்தன் முதுகுல ஏத்திட்டு, இன்னொருத்தனுக்குச் சோறு மட்டும் போடுறே. ரெண்டு பேரும் விளங்குவானுங்களா?"

வண்டிகளின் மின்சாமான் பழுதுபார்க்கிற கடையில் பதினோரு வருஷமாக அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். கடையில் ஆறு பேர் வேலை பார்த்தாலும், பெஞ்ச் என்றால் அவள்தான். விளக்கும் மீட்டரும் சூட்டுக்கோலும் வைத்த அந்த மேஜையில் வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள். அப்பா சுமை தூக்கிச் செத்தார், அம்மா செங்கல் சுமந்து செத்தாள். எங்கள் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிற முதல் ஆள் அவள். அதில் எனக்குப் பெருமை உண்டு, ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. எனக்குப் பண்ணிவைத்தது நிலைக்கவில்லை. அவளுக்கு நான், எனக்கு அவள் என்று மிச்சமாகிப்போனோம்.

அவள்தான் முதல் மாட்யூலை மாட்டிவிட்டாள்; இப்போது செய்தித்தாளில் இருப்பது அல்ல, அதற்கு முந்தினது. பச்சைப் பலகை, இரண்டு பக்கமும் சூட்டை இறக்க அலுமினியத் தகடு, நடுவில் செம்புக் கம்பி சுற்றிய வளையம். இந்தப் பக்கம் இருபத்துநாலு உள்ளே போகும், அந்தப் பக்கம் பன்னிரண்டு வெளியே வரும். எவ்வளவு வர வேண்டும் என்று வைப்பதற்கு, நெல்மணி அளவு ஒரு பித்தளை ஸ்க்ரூ. பெட்டியை மாட்டாமல், மீட்டரை மட்டும் வைத்து அதைத் திருகினாள். பத்துச் சுற்று சுற்றியும் மீட்டரில் ஒன்றும் அசையவில்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று கேட்டேன். இது இப்படித்தான், ரொம்ப நேரம் செவிடு மாதிரி இருந்துவிட்டுத் திடீரென்று கேட்கும், பொறுமை இல்லாதவன் இதைத் தொடக்கூடாது என்றாள். அவள் சொன்ன மாதிரியே எண் இறங்க ஆரம்பித்தது. பன்னிரண்டு புள்ளி நாலில் நிறுத்தினாள். பையிலிருந்து சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து ஸ்க்ரூவின் தலையில் ஒரு சொட்டு வைத்தாள். வண்டி குலுங்கினாலும் அது நகராதாம். வாழ்க்கையில் தான் பாலிஷ் வாங்கியதே இந்தப் பலகைகளுக்காகத்தான் என்று சொல்லிச் சிரித்தாள்.

பலகையின் ஓரத்தில் இருபது ஆம்பியர் என்று அச்சடித்திருந்தது. அதை நான் காட்டினேன்.

"எழுதினவன் தொட்டுப் பாத்துட்டா எழுதினான்? காத்து போகாத இந்தக் கேபின்ல பத்துக்கு மேல போனா, இது உன்ன மாதிரிதான். வலிக்குதுன்னு சொல்லாது, ஒருநாள் பொத்துனு விழும். பெட்டி மட்டும்தான், அண்ணா. வேற எதையும் இதுல மாட்டாதே."

சரி என்றேன். ஏழு மாதம் சரியாகத்தான் இருந்தேன்.

அப்புறம் ரேடியோ எனக்கு ஒரு கெட்டில் கொடுத்தான். ரேடியோ என்பது பட்டப்பெயர். எனக்குப் பக்கத்தில் அடிக்கடி வண்டி போடுகிற டிரைவர். தூக்கத்தில் மட்டும்தான் வாயை மூடுவான் என்று சொல்வார்கள், தூக்கத்திலும் பேசுகிறான் என்று அவன் மனைவி சொன்னதாக அவனே சொல்வான். பன்னிரண்டு வோல்ட் கெட்டில், இரண்டு கோப்பைத் தண்ணீர் பிடிக்கும். நான் கணக்குப் போட்டேன். பெட்டிக்கு நாலு ஆம்பியர், கெட்டிலுக்குப் பன்னிரண்டு. மொத்தம் பதினாறு. எழுதியிருப்பது இருபது. நாலு மிச்சம். எட்டாவது வரை படித்தவனின் கணக்கு அது.

டீக்கு அலைந்து நான் அதை மாட்டவில்லை. எந்த வரிசையிலும் டீ கிடைக்கும். கேபினில் கெட்டில் கொதிக்க ஆரம்பித்தால், முதலில் ஒரு முனகல், அப்புறம் மூடி லேசாகத் தட்டுகிற சத்தம். கண்ணை மூடினால் பக்கத்து அறையில் யாரோ அடுப்பு முன்னால் நிற்கிற மாதிரி இருக்கும். குடிக்கத் தோன்றாதபோதும் ஒரு நாளைக்கு நாலு தடவை போட்டேன்.

இருபதாம் நாளோ என்னவோ, பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் வந்தது. பக்கத்து வண்டியிலிருந்து ரேடியோதான் முதலில் ஓடி வந்து ஒயரைப் பிடுங்கினான். மாட்யூலில் ஒரு பக்கம் வெடித்திருந்தது. அது சும்மா சாகவில்லை. செத்த கையோடு இருபத்துநாலையும் அப்படியே பெட்டிக்குள் விட்டிருந்தது. பெட்டியும் போச்சு. உள்ளேயிருந்த இன்சுலினை எதுவும் ஆகியிருக்காது என்று நினைத்து நாலு நாள் போட்டுக்கொண்டேன். ஐந்தாம் நாள் எடைமேடையில் சீட்டு வாங்க இறங்கினவன் அங்கேயே விழுந்தேன். இரண்டு நாள் ஆஸ்பத்திரி.

வெளியே வந்ததும் நேராக அவள் கடைக்குப் போனேன். போகிற வழியில் கெட்டிலை ஒரு பையில் கட்டி, படுக்கைக்கு அடியில் தள்ளிவிட்டேன். அங்கேயே நான் முடிவு பண்ணிவிட்டேன் போலிருக்கிறது. கருகின பலகையையும் பெட்டியையும் கல்லாவில், முதலாளி முன்னால், வாடிக்கையாளர்கள் முன்னால் போட்டேன். உயிரோடு விளையாடுகிறாளா என்று கேட்டேன். கூடப்பிறந்தவனுக்கே இப்படிச் செய்கிறவள் ஊரானுக்கு என்ன செய்வாள் என்றும் கேட்டேன். பயம் எனக்கு. விழுந்த பயம், தப்பு என்னுடையது என்கிற பயம், அவள் 'சொன்னேனே' என்பாளே என்கிற பயம். எல்லாம் சேர்ந்து சத்தமாக வெளியே வந்தது.

முதலாளி நிதானமான ஆள். அந்த லைனில் வேறு ஏதாவது மாட்டியிருந்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். தங்கச்சி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஸ்க்ரூவின் தலையில் அந்தச் சிவப்புச் சொட்டு அப்படியே இருந்தது.

"அண்ணா, பெட்டி மட்டும்தானே?"

"பெட்டி மட்டும்தான்."

அவள் நம்பினாள். அதுதான் கேடு. அவள் சந்தேகப்பட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், சண்டையில் உண்மை வந்து விழுந்திருக்கும். அவள் என்னைச் சந்தேகப்படாமல் தன் கையைச் சந்தேகப்பட்டாள்.

அடுத்த வாரம் முதலாளி அவளைப் பெஞ்சிலிருந்து எடுத்து, பின்பக்கம் சாமான் எண்ணிப் பெட்டி போடுகிற வேலையில் விட்டார். திட்டவில்லை, சம்பளத்தையும் குறைக்கவில்லை. காரணம் தெரிகிற வரைக்கும் என்று மட்டும் சொன்னாராம். இதெல்லாம் எனக்கு அவள் சொல்லித் தெரிந்ததில்லை. கடையில் வேலை பார்க்கிற இன்னொருவர் சொன்னார். அவள் ராத்திரியெல்லாம் சமையலறை மேஜையில் அந்தக் கருகினதைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றும் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து, பழுதுபார்த்த பெட்டியும் புது மாட்யூலும் பார்சலில் வந்தன. அவள் வரவில்லை. மாட்யூலோடு ஃபியூஸ், சின்ன ஃபேன் எல்லாம் கோத்திருந்தாள். ஸ்க்ரூவின் தலையில் பாலிஷ் இல்லை. கூட ஒரு துண்டுச்சீட்டு: 'அளவு வைக்கவில்லை. உனக்குத் தெரிந்த நல்ல ஆளிடம் கொடுத்து வைத்துக்கொள். என் கைமேல் எனக்கு நம்பிக்கை இல்லை.'

அதைப் படித்துவிட்டுத்தான் செய்தித்தாளில் சுற்றி வைத்தேன்.

ஆனால் முந்நூற்றுப் பன்னிரண்டு முந்நூற்றுப் பன்னிரண்டுதான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு வண்டி தள்ளி ரேடியோ நின்றிருந்தான். அவனிடம் மீட்டர் இருந்தது. கேட்டேன். மீட்டரோடு அவனும் வந்தான், அவனோடு பேச்சும் வந்தது. ஆலை மேனேஜர் வழுக்கை விழுந்த கதையில் ஆரம்பித்து எங்கேயோ போய்க்கொண்டிருந்தான். நான் போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். எடுக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது மணியில் எடுத்தாள்.

ஐஸ் இல்லை, மருந்து கெட்டுப்போகும், எனக்குச் சொல்லிக் கொடு என்றேன். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். ஸ்பீக்கரில் போடு, இரண்டு கையும் வேண்டும் என்றாள்.

பெட்டியை மாட்டாதே. உள்ளே போகிற பக்கம் மட்டும் கொடு. சிவப்பு சிவப்பில்தானா, இரண்டு தடவை பார். வெளியே வருகிற பக்கம் மீட்டரை வை. அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் செய்தேன். ரேடியோ மீட்டர் முனைகளைப் பிடித்துக்கொண்டான். மீட்டரில் இருபத்துநாலு காட்டியது. நகத்தளவு திருப்புளியால் திருக ஆரம்பித்தேன். ஐந்து சுற்று. எட்டு. பன்னிரண்டு. எண் அசையவில்லை.

"மாறலையே."

"மாறும். நீ நிறுத்தாத வரைக்கும் மாறும். சுத்து."

பதினாறாவது சுற்றில் எண் அசைந்தது. இருபத்திரண்டு, இருபது, பதினைந்து. பன்னிரண்டரைக்கு வந்ததும், இப்போது முடி அளவுதான் திருப்ப வேண்டும் என்றாள். பன்னிரண்டு புள்ளி நாலு. பெட்டியை மாட்டினேன். அது ஒரு தடவை உறுமி, ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தம் போன் வழியாக அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

பாலிஷ் இருக்கிறதா என்று கேட்டாள். கரி லாரியில் பாலிஷுக்கு எங்கே போவது என்றேன். சிரித்தாள். ஐந்து மாதம் கழித்து ஒரு சிரிப்பு. அதோடு வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளே தொடர்ந்தாள்.

முதலாளி நேற்றுக் கூப்பிட்டுப் பேசினாராம். பெஞ்ச் காலியாகவே கிடக்கிறது, வெளியே ஒரு ஆளைப் பார்த்து வைத்திருக்கிறேன், ஆனால் நீ உட்கார்ந்தால் எனக்கு நிம்மதி. அது ஏன் எரிந்தது என்று மட்டும் ஒரு காரணம் சொல்லிவிட்டு உட்கார் என்றாராம். இன்றைக்குச் சாயங்காலம் கடை மூடுவதற்குள் சொல்ல வேண்டும்.

"எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துட்டேன். சூட்டுல போயிருக்குன்னு தெரியுது. நாலு ஆம்ப்ல எப்படி அவ்வளவு சூடு வரும்? என்ன தப்பு பண்ணேன்னு எனக்குத் தெரியல. தெரியாம எப்படி இன்னொருத்தர் வண்டியில கை வெப்பேன்?"

ரேடியோ நிமிர்ந்தான். அவனுக்கு அப்போதுதான் விஷயமே தெரிகிறது. முகம் மலர்ந்து, போன் பக்கம் குனிந்தான்.

"ஏம்மா, அது அந்தக் கெட்டில்…"

"கெட்டில்ல டீ போட்டிருக்காராம், என்னையும் குடிக்கக் கூப்பிடுறார்" என்றேன் நான், அவன் சொல்லி முடிப்பதற்குள். என் வாய்க்கு அவ்வளவு வேகம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

ரேடியோ என்னைப் பார்த்தான். வாய் பாதி திறந்திருந்தது. அதை மூடிக்கொண்டான்.

போனில் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, கோவிச்சுக்காதே, ஒரே ஒரு தடவை கேட்டுக்கறேன். அன்னிக்குப் பெட்டி மட்டும்தானே இருந்தது?"

பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரில் பன்னிரண்டு புள்ளி நாலு. கதவு இடுக்கில் கரித்தூள். என் முழங்காலுக்குக் கீழே, ஒரு முழத்தில், பையில் கட்டின கெட்டில். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"பெட்டி மட்டும்தான்."

"சரி. அப்ப என் கைதான். முதலாளிகிட்ட அப்படியே சொல்லிடுறேன். நீ மருந்து போட்டுட்டு ஏதாவது சாப்பிடு."

வைத்துவிட்டாள்.

ரேடியோ மீட்டரின் ஒயர்களை எடுத்து, நிதானமாக, ஒரு சுற்று கூடப் பிசகாமல் சுற்றினான். இறங்கிக் கீழே நின்று, கதவைப் பிடித்தபடி சொன்னான்.

"என் கெட்டில் உன்கிட்டதானேப்பா இருக்கு."

பதில் எதிர்பார்க்காமல் போய்விட்டான். அன்று பகல் முழுக்க அவன் வண்டியில் கண்ணாடி ஏற்றியே இருந்தது. நாலு வண்டி நகர்ந்தது; அவனும் நகர்ந்தான், நானும் நகர்ந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையில் யாரோ ஒருவன் வந்து, ரேடியோவுக்கு என்ன, உடம்பு சரியில்லையா என்று என்னிடம் கேட்டான். தெரியாது என்றேன். அதுவும் பொய்தான்; ஆனால் சின்னது.

ஊசி போட்டுக்கொண்டேன். மத்தியானம் காய்ந்த ரொட்டி இரண்டு தின்றேன். நாலு மணிக்கு இருநூற்றுப் பத்துக்கு இறங்கியிருந்தது. கால் இழுப்பது விட்டிருந்தது. உடம்பு சுலபமாக மன்னித்துவிடுகிறது, மருந்து போனால் போதும் அதற்கு.

அவள் கடை ஆறு மணிக்கு மூடும். ஐந்தே முக்காலுக்குப் போனை எடுத்து அவள் எண்ணை அழுத்தினேன். ஒரு மணி அடித்ததும் துண்டித்தேன். உடனே அவள் திருப்பிக் கூப்பிட்டாள். கையில் அது அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது. மறுபடி அதிர்ந்தது. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாள். 'நல்லா இருக்கேன், வரிசை நகருது' என்று எழுதி அனுப்பினேன். வரிசை நகரவில்லை.

ஆறு மணி ஆனதும் முன்னால் இருந்த வண்டிக்காரன் இன்ஜினை அணைத்தான். பெட்டியைத் திறந்து கையை விட்டேன். ஐந்து பேனாவும் சில்லென்று இருந்தன. மாட்யூலைத் தொட்டுப் பார்த்தேன். தொடும்படியான சூடுதான், அவள் சொன்ன அளவுதான். அவள் கையில் ஒரு பிசகும் இல்லை. அன்றைக்கும் இருக்கவில்லை.

பதினோரு வருஷம் உட்கார்ந்த பெஞ்சில் நாளைக்கு வேறு ஆள் உட்காருவார். அந்த லைனில் கெட்டிலும் இருந்தது, மாட்டினவன் நான். இதை என் தங்கச்சிக்கு நான் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை. பாக்கி.